தடி எந்தக் கைக்கு

போர் முடிந்த அடுத்த வருடம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கேம் பெட்டி செய்தோம். பழைய வீடியோ கேம் கடைகளில் ஆள் உயரத்துக்கு நிற்குமே, ஒரு கையால் தடியை ஆட்டி மறு கையால் பட்டனை அமுக்கி விளையாடுவது, அந்தப் பெட்டிதான். செய்தவர்கள் நானும் என் மனைவியின் தம்பியும். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது, அவனுக்கு முப்பத்தெட்டு. இரண்டு பேருக்கும் வெட்கம் இல்லாமல் போயிருந்தது.

செய்யச் சொன்னது என் மனைவி. சிறுவயதில் டவுனில் ஒரு கேம் கடை இருந்ததாம். வகுப்பு முடிந்ததும் தம்பி உள்ளே போய்விடுவான். பெண் பிள்ளைகள் உள்ளே போவதில்லை. அவள் இரண்டு சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பாள். ரேடியோ, ரிவி திருத்தும் அந்தத் தம்பி இப்போது இரண்டு வருட ஒப்பந்தத்தில் கட்டார் போகிறான். இன்னும் இருபது நாள்.

“அவன் போறதுக்குள்ள ஒருக்கா அவன வெல்லணும்,” என்றாள்.

“அக்காக்கு இதெல்லாம் கை வராது,” என்றான் அவன், வாயில் பிட்டோடு.

அன்றைய டயரியில் இதை மட்டும் எழுதிவிட்டு வரைதாளை விரித்தேன். குளத்து மதகுகளும் வாய்க்கால்களும் வரைவது என் தொழில். உன்னிச்சைப் பக்கம் ஒரு மதகுக்கு எப்படி வரைவேனோ அப்படியே, ஒன்றுக்கு ஐந்து அளவில், முன்தோற்றம், பக்கத்தோற்றம், வெட்டுமுகம் மூன்றையும் வரைந்தேன். பலகை எந்த உயரத்தில் வரவேண்டும் என்று பார்க்க மனைவியின் முழங்கையைத் தரையிலிருந்து மூன்று தரம் அளந்தேன். மூன்றின் சராசரியை எடுத்தேன்.

“ரவிக்கை தைக்கிறவன் கூட இவ்வளவு அளக்க மாட்டான்,” என்றாள்.

பெட்டிக்குப் பிளைவூட் போதும். தடியும் பட்டன்களும் இருக்கும் பலகைக்கு மட்டும் நல்ல மரம் வேண்டும். சுனாமியில் கடல் வந்த அன்று எங்கள் அலுமாரி வீட்டை விட்டுப் போய், மூன்றாம் நாள் வாவிக்கரையில் கிடந்தது. அதன் தேக்கங்கதவு ஒன்று மட்டும் வளையவில்லை. அதை வெட்டினோம். ஒரு பலகைக்குத்தான் அதில் இடமிருந்தது. பிழைவிட்டால் வேறு மரம் இல்லை.

பட்டன் தேடி ஓட்டமாவடியில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனோம். அழைப்புமணிப் பட்டன்களை அமுக்கினால் எழும்பி வர நேரமெடுத்தது. கடைசியில் மோட்டார் சைக்கிள் ஹோன் பட்டன்களை ஒரு தட்டில் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் ஐம்பது தரம் அமுக்கிப் பார்த்தேன். கடை முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“சேர், மோட்டார் சைக்கிள் எங்க நிக்கிது?”

“மோட்டார் சைக்கிள் இல்ல. பட்டன் மட்டும்தான்.”

“அப்ப ஹோன் எங்க அடிக்கும்?”

“ஹோன் அடிக்காது நானா,” என்றான் மச்சான் முதலாளியிடம். “இவரு சும்மா அமுக்கிப் பார்ப்பாரு. வீட்டிலயும் இப்பிடித்தான்.”

மூன்று ஹோன் பட்டன், பழைய போட்டோகொப்பி மெஷினிலிருந்து ‘டிக்’ என்று சொல்லும் நான்கு குட்டிச் சுவிட்சுகள், ஒரு பழுதான கீபோட், தடியின் தலைக்கு உழவு மெஷின் கியரின் கறுப்பு உருண்டை. பை நிறைய வயர். இதோடு பஸ்ஸில் வருவதை நினைத்து முதல் நாளே ஒரு பட்டியல் மூன்று மொழியிலும் தட்டச்சு செய்து, பையின் மேலே வைத்திருந்தேன். போர்க்காலமென்றால் இப்படியொரு பையோடு நான்கு சோதனைச் சாவடியில் இறங்கியிருப்போம். அன்று பஸ் ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஒருவரும் பையைப் பார்க்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், கொஞ்சம் ஏமாற்றமும்தான். நல்ல பட்டியல். மச்சான் அதைக் கொண்டக்டருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினான். “ஹோன் பட்டன், மூன்று. அடிக்காதது.”

கீபோட்டின் உள்ளே இருந்த சின்னத் தகட்டில் அவன் வயர்களை ஈயம் வைத்துப் பிடித்தான். தடியைத் தள்ளினால் அம்புக்குறியை அமுக்கியதாகப் பெட்டிக்குள் வைத்த பழைய கொம்பியூட்டர் நினைத்துக்கொள்ளும். மனைவி சுடுகிற விளையாட்டு வேண்டாம் என்றாள். பாறைகளுக்கிடையே சின்னக் கப்பல் ஓட்டும் ஒன்றைப் போட்டோம்.

பலகையில் துளை போடும்போது மச்சான் ஒன்று சொன்னான். “அத்தான், கடையில தடி இடப்பக்கம்தான் இருந்திச்சி.”

“நீ சோறு இடக்கையாலயா தின்னுற?” என்று கேட்டேன். பக்குவமான வேலை எல்லாம் வலக்கைக்கு. என் வரைபடத்தில் ‘தடி: வலம்’ என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன். அப்படியே துளைத்தோம்.

பயணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் பெட்டி உயிர் பெற்றது. மனைவி ஏழு தரம் விளையாடினாள். ஏழு தரமும் தோற்றாள். மச்சான் ஒவ்வொரு தரமும் பெட்டியைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினான். எட்டாவது தரத்துக்கு அவள் நிற்கவில்லை. “எனக்கு ஏலாது போல,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த நாள் காலை அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி இடக்கையில் இருந்தது. இருபது வருடமாக அதே குசினியில் தேத்தண்ணீர் குடிக்கிறேன். எழுதுவதும் உண்பதும் வலக்கை, அவை பள்ளியிலும் வீட்டிலும் அடித்துப் பழக்கியவை. வெட்டுவது, திருவுவது, எறிவது எல்லாம் இடக்கை. எல்லாவற்றையும் அளந்த நான் இதைப் பார்க்கவில்லை.

மச்சானிடம் ஓடினேன். “தடிய இடப்பக்கம் கொண்டுபோகணும்.”

“பலகையில துளை போட்டாச்சி அத்தான். அங்கால துளைச்சா வெடிக்கும்.”

ஒரு காகிதத்தில் துளைகளை வரைந்து, அவன் முகத்துக்கு நேரே மறுபக்கம் திருப்பிப் பிடித்தேன். வலப்பக்கத் தடி இடப்பக்கம் வந்தது. அவன் வாயைப் பிளந்தான். பிறகு இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் போல கையைப் பிடித்துக் குதித்தோம். பலகையைக் கழற்றி, அடிப்பக்கம் மேலே வரும்படி புரட்டி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினோம். அவசரத்தில் தடியின் சுவிட்சுகள் இடம் மாறிவிட்டன. மேலே தள்ளினால் கப்பல் கீழே போனது. அதைத் திருத்தி முடிக்கையில் பயண நாள் காலை ஒன்பது மணி. வேன் பத்து மணிக்கு.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க, மனைவி இடக்கையால் அந்தக் கறுப்பு உருண்டையைப் பிடித்தாள். மச்சான் ஏற்கனவே விளையாடி முடித்திருந்தான், நல்ல புள்ளிதான். கப்பல் பாறைகளுக்கிடையே மீன் போல வளைந்து போனது. சாரதி ஹோன் அடித்தார், பிறகு இறங்கி வந்தார், பிறகு அவரும் எங்களுக்குப் பின்னால் நின்றுவிட்டார். “அந்தா, அந்தா, கல்லு!” என்று கத்தினார். அவள் மச்சானுடைய புள்ளியைத் தாண்டினாள். தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

“இன்னொண்டு!” என்றான் மச்சான். “அக்கா, ஒண்டே ஒண்டு!”

“வேன் நிக்கிது. போ.”

“இது சரியில்ல அக்கா!”

“நான் எத்தின நாள் சைக்கிளப் பிடிச்சிக்கொண்டு வெளியில நிண்டன்? நீ ரெண்டு வருஷம் நில்லுடா.”

சொல்லிவிட்டு அவனைக் கட்டிப் பிடித்து அழுதாள், சிரித்துக்கொண்டே. சாரதி அவனை இழுத்துப் போய் ஏற்றினார். வேன் வளைவில் மறைந்ததும் அவள் மறுபடி பெட்டிக்கு ஓடினாள். அப்போதுதான் வாசலில் அவனுடைய புதுச் சப்பாத்து இருப்பதைக் கண்டேன். என்னுடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டாருக்குப் புறப்பட்டிருக்கிறான். சப்பாத்தைப் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு, ஹோனை விடாமல் அடித்துக்கொண்டு துரத்தி, பாலத்தடியில் பிடித்தேன்.

அவன் சப்பாத்தைப் பார்க்கவே இல்லை. ஜன்னலால் தலையை நீட்டினான்.

“அத்தான், அக்கா இப்பயும் விளையாடுறாவா?”

“ஓம்.”

“எத்தின புள்ளி?”