கணுக்காலுக்கு ஒரு தோல்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை ‘கனவு’ என்றுதான் கூப்பிடுவார்கள். உலோகத் துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி, அவை அலுத்துப்போய் உடையும்வரை வளைத்து வளைத்துப் பார்ப்பது அவள் வேலை. இயந்திரம் ஒரே தாளத்தில் முனகும். அதைக் கேட்டபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளை உலுக்கினால்தான் இந்த உலகத்துக்கு வருவாள்.

அவளுடைய தம்பி சின்ன வயதில் ஒரு விபத்தில் முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தவன். பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறான். அவனுடைய செயற்கைக் காலின் கணுக்கால் இணைப்பு, டைட்டானியப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்டு எடுத்தது. ஒரு மாலை வகுப்பில், சுழன்று திரும்பும்போது அது படக்கென்று முறிந்தது. விழுந்ததில் மணிக்கட்டு எலும்பில் விரிசல்.

மருத்துவமனைக்கு ஓடிவந்த அக்காவிடம் உடைந்த துண்டை நீட்டினான்.

“உலோகம்னா உனக்குச் சொந்தக்காரன்தானே. நீயே விசாரி.”

“கை வலிக்குதாடா?”

“கை கிடக்கட்டும். பிள்ளைங்க முன்னாடி விழுந்ததுதான் வலிக்குது.”

அவள் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் அதை நுண்ணோக்கியில் வைத்தாள். வெறும் கண்ணுக்குச் சற்றே சொரசொரப்பாகத் தெரிந்த உலோகம் அங்கே வேறொரு நிலமாக விரிந்தது. பாதி உருகிய பொடிமணிகள் ஆற்றுக் கூழாங்கற்களைப் போல ஒட்டிக்கிடந்தன. நடுவே பள்ளத்தாக்குகள். அவற்றுள் ஒன்றின் அடியிலிருந்து விரிசல் கிளம்பி, அலை மணலில் விட்டுப்போகும் கோடுகளைப் போல வளைவு வளைவாக உள்ளே போயிருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் தம்பி ஆடிக்கொண்டிருந்தான். ஆய்வுக்கூடத் தலைவி தோளைத் தொட்டபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

“உள்ளே எங்கேயும் கோளாறு இல்ல மேடம். மேல்தோல்தான் காலை வாரியிருக்கு.”

“அப்ப தோலைச் சரிபண்ணிப் பார்ப்போம்,” என்றார் தலைவி.

காலைச் செய்த பட்டறையிலிருந்து அதே போல அச்சிட்ட மாதிரிகளை வரவழைத்தார்கள். நுண்ணிய மணிகளை வேகமாகப் பீய்ச்சி அவற்றின் மேற்பரப்பை அடித்தார்கள். அந்த அடியில் தோல் இறுகும். இறுகிய தோலில் விரிசல் வாய் திறக்காது என்பது கணக்கு. மாதிரிகளோ பழையதைவிடக் கொஞ்சம்தான் தாக்குப்பிடித்தன. அறுத்துப் பார்த்தால், மேடுகள் மடிந்து பள்ளங்களை மூடியிருந்தன. பள்ளங்கள் அடியில் பத்திரமாக இருந்தன.

“மூஞ்சி கழுவாம பவுடர் போட்ட கதையா ஆயிடுச்சு,” என்றார் தலைவி.

வீடு திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள். அந்தப் பள்ளத்தாக்குகளில் தண்ணீர் ஏறுவதாகவும், மேடுகள் கரைந்து எல்லாம் ஒரே சமவெளி ஆவதாகவும் அரைத்தூக்கத்தில் தோன்றியது. இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது.

காலையில் சொன்னாள்: “முதல்ல கழுவிடலாம் மேடம். அமிலத்துல மேல்தோலைக் கரைச்சிட்டு, அப்புறம் மணியால அடிப்போம்.”

“ரொம்பக் கரைஞ்சா இணைப்பு பொருந்தாதேம்மா.”

“கரையறதுக்கும் சேர்த்து, அச்சிடும்போதே கொஞ்சம் பருமனா எடுத்துக்கலாம்.”

அந்த அளவு பிடிபட வாரக்கணக்கானது. அதுவரை தம்பி வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல கையால் மட்டும் ஆடிக்காட்டினான்.

கடைசியில், அமிலத்தில் குளித்து மணிகளிடம் அடி வாங்கிய மாதிரியை இயந்திரத்தில் மாட்டினாள். அது வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. முந்தையவை உடைந்த எண்ணிக்கையைத் தாண்டிப் போனது. வெளியே மழை வந்து நின்றது. வெயில் தரையில் நகர்ந்து சுவரேறியது. முனகல் அவள் மூச்சோடு கலந்துவிட்டது. தண்ணீருக்கடியில் யாரோ நிதானமாக ஆடுவதுபோல் இருந்தது. நாட்கள் போயின. இத்தனை முறை வளைந்தால் போதும் என்று குறித்துவைத்த எல்லை வந்தும் அது உடையவில்லை. அவளே இயந்திரத்தை நிறுத்தினாள். அந்த அமைதி பழக அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒன்று போதாது என்று தலைவி மேலும் பலவற்றைச் சோதிக்கச் சொன்னார். ஒரு மாதிரி மட்டும் சீக்கிரமே உடைந்தது. அதன் உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தது. அதன்பிறகு பட்டறை ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுத்தே அனுப்பியது.

தம்பிக்குப் புதிய கணுக்கால் வந்தது. விரலால் தடவிப் பார்த்தான்.

“இது உடையாதாக்கா?”

“எதுவும் ஒருநாள் அலுத்துப்போகும்டா. வருஷாவருஷம் கழட்டிக் குடு, பார்த்துத் தரேன்.”

“நீ பார்க்க ஆரம்பிச்சா திருப்பித் தரமாட்டியே.”

காலை மாட்டிக்கொண்டு எழுந்தான். சுவரைப் பிடித்தபடி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு சுவரை விட்டான். அக்கா கூடத்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு இழுத்து, அவனுக்கு இடம் செய்துகொடுத்தாள்.