பொட்டு வைக்காத கார்

அந்தக் காரின் முகப்பில் பதினேழு கம்பிகள். இன்றும் காலையில் அலமாரியைத் திறந்து, பதினேழும் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டுத்தான் காபி குடிக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். தூசி தட்டும்போது ஒன்று வளைந்துவிட்டால் யார் பொறுப்பு?

கப்பலில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்தது அது. உள்ளங்கை நீளம்தான், ஆனால் முழுக்க உலோக வார்ப்பு, கையில் வைத்தால் கனம் தெரியும். ஸ்ரீரங்கத்தில் அப்பா டாக்ஸியாக ஓட்டிய கறுப்பு வண்டியின் அதே ரகம். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமா அதைக் கைக்குட்டையிலிருந்து பிரித்தார். நான் கையை நீட்டுவதற்குள் நிபந்தனை வந்தது.

"உங்கப்பா வண்டியோட வச்சுப் பாரு. சின்னது பெருசுங்கிறதை விட்டுட்டு ஒரே ஒரு வித்தியாசம் சொல்லு, கார் உனக்கு. சொல்லலைன்னா சாயங்காலம் என்னோட ரயிலேறிடும்."

டாக்ஸிகள் நிற்கும் இடத்துக்கு மாமா என்னை அழைத்துப்போனார். அப்பா வண்டியின் முன்னால் நான் மண்டியிட்டேன். பெரிய வண்டியின் கம்பிகளை எண்ணினேன், பதினேழு. சின்னதிலும் பதினேழு. சக்கரத்துக்கு ஐந்து நட்டு. இங்கும் ஐந்து, கடுகைவிடச் சிறியவை. பானெட்டை நகத்தால் தூக்கினால் உள்ளே பேட்டரி, மின்விசிறி, ரேடியேட்டர். பின்விளக்கில் மெய்யான சிவப்புக் கண்ணாடி. சீட்டின் தையல் வரிகள்கூடத் தப்பவில்லை. டிக்கியில் ஸ்டெப்னி! குறை கண்டுபிடிக்க வந்தவன் அதை மறந்தே போனேன். இதைச் செய்த கை எவ்வளவு சிறியதாக இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு குடும்பம் வந்து, ஜீயபுரத்தில் கல்யாணம், முகூர்த்தத்துக்குள் போகவேண்டும் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டது. வண்டி போய்விட்டால் எதோடு ஒப்பிடுவது? எனக்கு அழுகை முட்டியது. அப்பா என் கையிலிருந்து காரை வாங்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார்.

"ஏன் மாப்ள, இந்த வண்டியில நான் எந்தப் பக்கமா ஏறுறது?"

"அத்தான்! நீங்க சும்மா இருங்க!" என்று மாமா பதறினார்.

அப்பாவின் தொந்தியையும் அந்தக் கதவையும் சேர்த்துப் பார்த்து நானும் சிரித்துவைத்தேன். அப்பா காரைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

வண்டி திரும்பும்போது அதன் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம் ஆடியது. விளக்குகளுக்கு மேல் அம்மா வெள்ளிக்கிழமை வைத்த குங்குமம்.

"மாமா! இதுல எலுமிச்சம்பழம் கட்டலை! லைட்டுக்குப் பொட்டு வைக்கலை!"

தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி மாமா சிரித்தார். "இதைச் செஞ்ச வெள்ளைக்காரன் தோத்தான்டா" என்று காரை என் சட்டைப்பைக்குள் போட்டார். பை கிழிந்துவிடுமோ என்று வீடு வரை கையால் தாங்கிக்கொண்டே நடந்தேன்.

பல வருஷம் கழித்து, நான் கார் ஓட்டப் பழகிய நாட்களில், ஒருநாள் காலையில் கம்பிகளை எண்ணி முடித்து நிமிர்ந்தபோது பார்த்தேன். ஸ்டீரிங் இடது பக்கம் இருந்தது. அந்நிய தேசத்து வண்டி.

அன்று ஜீயபுரத்துக்குப் புறப்படுமுன் அப்பா தன் வண்டியின் வலது பக்கக் கதவை அகலத் திறந்துவிட்டு, உடனே ஏறவில்லை. ஸ்டீரிங்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். உள்ளே இருந்தவர்கள் முகூர்த்தம், முகூர்த்தம் என்று பறந்தார்கள். அவர் நகரவில்லை.

எனக்கோ, யோசிக்க விடாமல் நிற்கிறாரே என்று எரிச்சல்.

"போங்கப்பா, அவங்களுக்கு நேரமாகுது" என்றேன்.