அவையடக்கம் முடிந்து பாட்டுக்கு வந்தவர்

மடவளைக்குப் போகும் பஸ்காரர் எங்கள் நகரசபைக் கந்தோர் வாசலில் வண்டியை நிறுத்தி, "கிளாக்கர் ஐயா, உதுமான் நானா காலையில மௌத்தாகிட்டார்" என்றார். சாவுச் செய்தி கேட்டதும் குடையைக்கூட எடுக்காமல் ஏறிவிட்டேன். மனுஷன் அங்கே போயும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நிற்பாரோ என்று வழியெல்லாம் நினைத்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கண்டியில் அவர் கடையில் சீத்தைத் துணி வாங்கிய உங்களுக்கெல்லாம் அவருடைய துணிச்சல் தெரியும். வெயிலில் நிறம் போன துணியை எடுத்து விரித்து, "இந்த வருஷம் சீமையில எல்லாரும் உடுக்கிற நெறம் இதுதான்" என்பார். வந்தவர்களும் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். ஆனால் அதே மனுஷன் ஒரு பாட்டை எழுதி முடித்துவிட்டால் போதும், உடம்பெல்லாம் நடுக்கம் எடுத்துவிடும்.

கலியாண வீடுகளில் வாழ்த்துப்பா வாசிக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். பாட்டுக்கு முன்னால், நான் அறியாதவன், குற்றம் பொறுங்கள் என்று சபையிடம் பணிவாகச் சொல்ல ஓர் அவையடக்கம் உண்டு. மற்றவர்களுக்கு அது ஒரு செய்யுள். நானாவுக்கு அது ஊர்வலம். தன்னை எறும்பு என்பார், துரும்பு என்பார், உப்பில்லாத கறி என்பார். கலியாணத்துக்குக் கலியாணம் பயம் கூடியது, அவையடக்கமும் நீண்டது. அவர் உப்பில்லாத கறிக்கு வந்து சேருமுன் சகன் வந்துவிடும். சுற்றிலும் உட்கார்ந்து சேர்ந்து உண்ணும் அந்தப் பெரிய சோற்றுத் தட்டைக் கண்ட பிறகு எந்தச் சபை பாட்டுக் கேட்கும்? நானா தாளை மடித்துக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ், மிச்சத்த அடுத்த கலியாணத்துல படிப்போம்" என்பார். தப்பித்துவிட்ட நிம்மதி முகத்தில் அப்படியே தெரியும்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "நானா, உள்ளபடி பாட்டுன்னு ஒன்னு இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"ஈக்கி தம்பி. எல்லாம் அலுமாரிக்குள்ள ஈக்கி. மார்க்கமும் யாப்பும் படிச்ச ஆலிம்சா முன்னுக்குக் குந்திக்கிட்டு மூக்குப்பொடி போடுறதக் கண்டா எனக்கு நாக்கு ஒட்டிப்போகுது. அவர் பிழை புடிக்க முந்தி நானே செல்லிட்டா அவருக்கு வேல இல்லையே."

இப்படியே காலம் போயிருக்கும். அவருடைய ஒரே மகள் சுபைதாவுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். நான் அவர் வீட்டு முன்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளை சொன்னது: "வாப்பா, எனக்கு ஒரே ஒரு கலியாணம்தான். மிச்சத்த அடுத்ததுல படிக்க ஏலா. மன்னிப்பெல்லாம் வூட்லயே கேட்டு முடிச்சிட்டுப் பந்தலுக்குப் போங்கோ."

நானா மகள் சொன்னபடியே செய்தார். கலியாணத்தன்று விடிந்ததும் ஆரம்பித்துவிட்டார். சமையல்காரரிடம் கேட்டார், பந்தல் கட்டியவரிடம் கேட்டார், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். பின்பக்கம் கட்டியிருந்த ஆட்டிடமும் கேட்டார். ஆட்டிடம் கேட்டதில் நியாயம் இருந்தது. மத்தியானம் ஆவதற்குள் கேட்க ஆளே மிச்சமில்லை.

பந்தலில் எழுந்து நின்றார். ஆலிம்சா பொடி டப்பியைத் திறந்தார். "ஒன்றும் அறியாத அடியேன்" என்று நானா தொடங்கியதுதான் தாமதம், பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. கலியாணப் பெண் அப்படி இருமி நான் கேட்டதில்லை. நானா தாளைப் புரட்டினார், பாட்டுக்கு வந்துவிட்டார்.

பாதியில் வழக்கம்போல் சகன் வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. நானா நிமிர்ந்து பார்த்து, "சோறு கொஞ்சம் நிக்கட்டும்" என்றார். தூக்கி வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். பிரியாணி வாசனையோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு பாட்டைக் கடைசிவரை நான் கேட்டது அன்றுதான்.

பாட்டு எப்படி என்று கேட்பீர்கள். சுமார்தான். "மூணாவது செய்யுள்ல தளை தட்டுது" என்று ஆலிம்சா சொன்னார். "ஓம் ஆலிம்சா, தட்டுது. அது வரைக்கும் கேட்டீங்களே" என்று நானா சிரித்தார். பந்தல் இடிந்து விழவில்லை. சோறுகூட ஆறவில்லை.

அதன்பின் எத்தனையோ கலியாணங்களில் வாசித்தார். பயம் விட்டுப்போயிற்றா என்று ஒருநாள் கேட்டேன். "அது எங்க போற? நான் போற எடமெல்லாம் அதுவும் வருது. வந்தா வரட்டும் தம்பி, நான் அதுக்குக் குந்துறதுக்குக் கதிர போட்டுக் குடுக்கிற இல்ல" என்றார். நானும் ஏதோ எழுதுகிறவன். அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு உதவியது என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மையித்து வீட்டில் சுபைதா கதவுக்குப் பின்னால் நின்று, "கிளாக்கர் மாமா, என்ட கலியாணத்துல வாப்பா படிச்ச பாட்டு ஞாபகம் ஈக்கா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் அவளே மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். ஓர் எழுத்துக்கூட விடவில்லை. மூன்றாவது செய்யுளில், "மகளே, நீ போன பின் கடை சாத்தி வீடு வர எனக்கென்ன அவசரம்" என்ற இடத்துக்கு வந்ததும் அவளால் முடியவில்லை.

ஆலிம்சா சொன்ன பிழை அந்த வரியில்தான் இருக்கிறது. எனக்கு அவரிடமிருந்து மிச்சம் அந்த வரிதான். அதைத் திருத்த யாரையும் விடமாட்டேன்.