தண்ணீர் கேட்காத தபால்காரர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போன நேரத்தில், புதிதாக வந்திருக்கும் தபால்காரத் தம்பி சன்னல் வழியே ஒரு கார்டை நீட்டினான். மூலையில் கறுப்பு தடவியிருந்தது. பழனியில் மகள் வீட்டில் இருந்த நம் பழைய தபால்காரர் சண்முகவேல் அண்ணன் காலமாகிவிட்டார். எனக்குத் தம்பியின் மேல்தான் கோபம் வந்தது. அண்ணனாக இருந்தால் நான் சாப்பிட்டுக் கை கழுவும் வரை வாசலில் எதையாவது பேசிக்கொண்டு நின்றிருப்பார்.

கொடைக்கானல் மேல்மலை ஊர்களில் அவரிடம் தபால் வாங்கிய உங்களுக்குத் தெரியும். சாவுச் செய்தி கொண்டுவந்தால் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “தண்ணி மோக்க உள்ள போவாங்கல்ல? அந்த நாலு எட்டுல நெஞ்சு கொஞ்சம் கெட்டிப்படும்” என்றார். இந்த வழக்கம் ஊரெல்லாம் தெரிந்துபோனதால், மற்ற நாளில் தாகம் எடுத்தாலும் எந்த வீட்டிலும் கேட்க முடியாது. பாவம், ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்துக்கொள்வார்.

அவரை நாடகத்துக்கு இழுத்து வந்தவன் நான். ஐம்பதுகளின் நடுவில் கொடைக்கானல் பள்ளிக்கூடம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆசிரியை, தம் ஊரில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் போடுகிற யுத்த நாடகம் ஒன்றின் கதையை ஒரு மழைக்காலம் முழுக்கச் சொன்னார். மகனைச் சண்டைக்கு அனுப்பிவிட்டுப் பண்ணையில் காத்திருக்கிறாள் ஒரு தாய். கடைசிக் காட்சியில் அவன் இறந்த சேதியோடு தூதன் வருகிறான். அதை நான் தமிழில் எழுதினேன். பண்ணை பூண்டுத் தோட்டமானது. குதிரையை மாற்றவில்லை, மூட்டை சுமக்கிற மட்டக்குதிரைக்கு நம் மலையில் என்ன பஞ்சம்? முதல் அரங்கேற்றத்தில் அது தாயின் கூடையிலிருந்த கேரட்டைத் தின்றுவிட்டு, முதுகில் வீரவசனம் பேசிக்கொண்டிருந்த கதாநாயகனோடு சந்தைப் பக்கம் நடையைக் கட்டியது. தூதன் வேஷத்தில் திரை ஓரம் நின்ற அண்ணன் எட்டிப் பார்த்து, “மகன் போருக்குப் புறப்பட்டான் தாயே, கொஞ்சம் வெள்ளனேயே!” என்றார். ஆசிரியை கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

சீனச் சண்டை நடந்த வருடம் கவுஞ்சித் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். குளிருக்குப் பயந்து மத்தியானமே நாடகம். அண்ணன் அன்றைய தபாலைக் கொடுத்து முடித்து, காக்கி உடுப்பும் தோள்பையுமாக நேரே மேடை ஏறினார். தூதனுக்கு இதுவே போதும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்த ஊருக்குத் தபால் கொண்டுவருகிறவரே அவர்தான் என்பது எங்களில் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை.

கடைசிக் காட்சியில் உறையை எடுத்த அண்ணன், “தாயே, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர்” என்றார். நான் எழுதிய வசனம் இல்லை அது. பழக்கதோஷம். முன்வரிசையில் வேலம்மாள் எழுந்துவிட்டார். அவருடைய ஒரே மகன் முத்தையா பட்டாளத்தில் இருந்தான்; இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

“அய்யா, அது எங்க வீட்டுக்கு வந்ததுங்களா?”

பெண்கள் பக்கம் அழுகை கிளம்பிவிட்டது. அண்ணன் மேடையை விட்டு இறங்கி ஓடி, உறையைக் கிழித்துக் கவிழ்த்துக் காட்டினார்.

“வெறுங் கவருங்கம்மா. நாடகத்துக்கு வச்சது.”

“அப்ப எம்புள்ள உசுரோட இருக்கானா?”

இருக்கான் என்று சொல்லியிருக்கலாம். நானே ஓரத்திலிருந்து அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் கேட்கவில்லை.

“தெரியலைங்கம்மா. தெரியாததைச் சொன்னா, நாளைக்கு நான் குடுக்கிற எந்தக் காகிதத்தையும் நம்ப மாட்டீங்க. வாங்க, இப்பவே எழுதிக் கேப்போம்.”

என் கையிலிருந்த பிரதியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, ஊர் சூழ்ந்துகொண்டு சொல்லச் சொல்ல அதன் பின்புறத்தில் எழுதினார். பூண்டு முளைவிட்டது, பசு ஈன்றது, “ஏலே, வெரசா ஒரு வரி போடுலே” என்று தாய்மாமன் அதட்டியது, எல்லாம். அன்றைய நாடகம் அத்தோடு நின்றது.

ஒரு மாதம் போல வேலம்மாளுக்குத் தூக்கமில்லை. அண்ணனுக்கும்தான். பிறகு ஒரு காலையில் அண்ணன் கையில் கடிதத்தோடு, மேட்டிலிருந்த வேலம்மாள் வீட்டை நோக்கிக் கீழ்த்தோட்டத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடினாராம்: “தண்ணி வேண்டாம்மா! தண்ணி வேண்டாம்!” அதைச் சொல்லிச் சொல்லி இன்றும் அந்த ஊர் சிரிக்கிறது.

அன்று முதல் எங்கள் நாடகத்தின் முடிவு மாறியது. தூதன் சேதி கொண்டுவருவதில்லை. “மகனுக்கு என்ன எழுதணும்?” என்று கேட்பான், சபையிலிருந்து பதில் வரும். தன் ஊருக்குத் திரும்பிவிட்ட ஆசிரியைக்கு இதை எழுதினேன். உங்கள் முடிவே இருக்கட்டும் என்று பதில் போட்டார். அந்தக் கடிதத்தையும் அண்ணன்தான் கொண்டுவந்தார்.

கார்டு வந்த மறுநாள் கவுஞ்சிக்குப் போனேன். “யக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றேன். செம்போடு வந்த வேலம்மாள் என் முகத்தைப் பார்த்து, “தபால்காரய்யாவா?” என்றார். இரண்டு பேரும் அழுதோம். பட்டாளத்திலிருந்து வந்து இப்போது பூண்டு போடுகிற முத்தையா, அன்று ஊரே சொல்லி எழுதிய, மடிப்பில் நைந்துபோன அந்தப் பிரதிப் பக்கத்தை எடுத்துவந்து காட்டினான்.

நண்பர்களே, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அண்ணனிடம்தான் கற்றேன். தண்ணீர் கேட்டு நிற்கவும் இப்போது கற்றுக்கொண்டேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பவை இவைதாம்.

வருகிற திருவிழாவில் முத்தையாதான் தூதன். காக்கியைப் பார்த்தால் அம்மா பதறுமோ என்று தயங்கினான்.

“போட்டுக்கடா” என்றார் வேலம்மாள். “நான் முன்னாடிதான் உக்காருவேன். என்ன எழுதணும்னு மொதல்ல என்னையக் கேளு.”