தண்ணீர் உள்ளே வரும் படகு

தொண்ணூறுகளின் கடைசியில், தங்கச் சுரங்கம் மூடப்போகிறதா என்று கேட்பதை எங்கள் ஊரில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். எப்போது என்று மட்டும் கேட்டார்கள். என் அண்ணன் அங்கே பம்பு ஆப்பரேட்டர். ஐம்பதைத் தாண்டியவர், வேறு தொழில் தெரியாதவர். சுரங்கத்திலிருந்து வெளியே வந்தவர்கள் பலரும் பங்காருபேட்டையில் ரயிலேறி பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே பிடிக்காது.

"கேட்டுல நின்னுக்கினு கண்டவனுக்கும் சலாம் போடறதுக்கா இத்தினி வருசம் கீழ எறங்கனேன்?" என்பார்.

அவருக்கு வேறொரு வழி இருந்தது. கோலார் போகும் வழியில் ஒரு பெரிய ஏரி. அதில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் அண்ணனுக்குப் பழக்கம். பரிசலில் வலை இழுப்பது போதவில்லை, மோட்டார் படகு ஒன்று இருந்தால் நல்லது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நீ கட்டிக் கொண்டு வா, ஓட்டுவதற்கும் உன்னையே மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தார்.

எப்படிப்பட்ட படகு என்ற யோசனை அண்ணனுக்கு என்னிடமிருந்து வந்தது. நான் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் படம் வரைபவன். மினிக்காய் தீவில் எங்கள் புல்டோசர் ஒன்று உடைந்து கிடந்தபோது, உடைந்த பாகத்தை அளந்து வரைந்து வர என்னை அனுப்பினார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. திரும்பும் கப்பல் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் கரையில் ஏற்றி வைத்திருந்த சூரை மீன் படகுகளை அளக்க ஆரம்பித்தேன். அகலமான தட்டைப் பின்புறம், வளைந்து உயர்ந்த மூக்கு. ஒரு காலத்தில் பாய் கட்டி ஓடிய வடிவம். அதையே வைத்துக்கொண்டு டீசல் எஞ்சின் பொருத்தியிருந்தார்கள்.

அந்தப் படகின் நடுவில் ஓர் அறை உண்டு. அதன் அடியில் துளைகள். கடலில் இறங்கியதும் துளைகளின் அடைப்பை எடுத்துவிடுவார்கள். அறைக்குள் கடல் நீர் ஏறி நிற்கும். தூண்டிலுக்கான சிறு மீன்கள் அதில் உயிரோடு கிடக்கும். அறைக்கு முன்னும் பின்னும் தடுப்புப் பலகைகள் இருப்பதால் தண்ணீர் வேறெங்கும் போகாது. படகு மூழ்காதா என்று கேட்டேன். அளவுக்கு மேல் எப்படி ஏறும் என்று படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

எங்கள் ஏரிக்கு ஏற்றபடி அதைச் சின்னதாக்கி வரைந்தேன். பதினாறடி நீளம், குறுகலான உடல், ப்ளைவுட்டின் மேல் கண்ணாடி நார். விவசாயப் பம்புசெட்டின் டீசல் எஞ்சின். எஞ்சின் கனமானது, கொஞ்சம் உயரத்தில்தான் உட்கார முடியும். அதனால் நடு அறையைத் தரைக்குக் கீழே தாழ்வாக வைத்து, மேலே பலகைச் சட்டங்களால் மூடினேன். அதில் நிற்கும் தண்ணீர்தான் படகைக் கீழே பிடித்து வைக்கவேண்டும். தினமும் சாயங்காலம் கரைக்கு இழுக்கும்போது தண்ணீர் தானாக வெளியேறிவிடும், சுமை இருக்காது.

அண்ணன் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். விரல் துளைகளில் வந்து நின்றது.

"இது இன்னாடா?"

"ஓட்டைண்ணா. தண்ணி உள்ள வர்றதுக்கு."

"தண்ணி உள்ள வர்றதுக்கு நீயே ஓட்டை போடுவியா?"

விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பாறையிலிருந்து இரவும் பகலும் கசிகிற தண்ணீரை மேலே தள்ளுவதே அவர் வேலை. ஒரு முறை மின்சாரம் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் வந்து தூக்குவதற்குள் தண்ணீர் அவர் மார்பு வரை ஏறிவிட்டது. அதை வேடிக்கையாகத்தான் சொல்வார். பம்பு ஆட்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது: ஷிப்ட் மாற்றும்போது வந்தவரிடம் வேறெதுவும் பேசுமுன் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சொல்லிவிடவேண்டும். அண்ணன் வீட்டில் குடத்தைப் பார்த்தாலும் அண்ணியிடம் மட்டத்தைத்தான் சொல்வார்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், அண்ணனின் லைன் வீட்டின் முன் தார்ப்பாய் கட்டி வேலை நடந்தது. குழாயில் தண்ணீர் வராத தெரு அது. "குடிக்கத் தண்ணி இல்ல, இவரு போட்டு கட்றாரு" என்று போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு தடவை ரெசின் பூசினார். நடு அறையைக் கட்டினார். துளை மட்டும் போடவில்லை.

"காஞ்சு கெடந்தா சாமான் வெச்சுக்கலாம்" என்றார்.

"இல்லண்ணா, ஆடும்."

"நீ சும்மா இர்றா. பேப்பர்ல வரையறது வேற."

சுரங்கத்தை மூடிய சில வாரங்களில் படகை ட்ராக்டரில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனோம். அது தண்ணீரில் தக்கையைப் போல உயரமாக மிதந்தது. அண்ணனுக்கு அது பெருமையாக இருந்தது. அண்ணன் ஓட்ட, குத்தகைக்காரரும் அவருடைய ஆட்கள் இருவரும் ஏறினார்கள். நான் கரையில் நின்றேன். நேராகப் போகும்போது நன்றாகத்தான் போனது. திருப்பும்போது இரண்டு ஆட்களும் வலையை எடுக்க ஒரே பக்கம் எழுந்தார்கள். படகு சாய்ந்தது, நிமிரவில்லை. நால்வரும் தண்ணீரில் விழுந்தார்கள். ஆழம் தோள்வரைதான். சேறு வழிய கரையேறிய குத்தகைக்காரர் வேட்டியைப் பிழிந்தபடி சொன்னார்:

"யோவ், நீ கீழ எறங்கியே பழகினவன். எங்களையும் எறக்கிட்டியே!"

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. எஞ்சினைப் பிரித்துக் காயவைக்கும்போது, "இன்னொரு தடவ பாக்கறேன்னு சொல்லிக்கீறாரு. அவ்ளோதான், அதுக்கு மேல இல்ல" என்றார். பிறகு கைத்துரப்பணத்தை எடுத்து, வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துளைகளைத் தானே போட்டார். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை.

இரண்டாம் முறை படகு தாழ்ந்து உட்கார்ந்தது. சட்டங்களுக்கு நடுவே தண்ணீர் ஏறி, கணக்கிட்ட இடத்தில் நின்றது. அந்த இருவரும் ஒரே பக்கம் நின்று வலையை இழுத்துப் பார்த்தார்கள். லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. குத்தகைக்காரர் அறைக்குள் இரண்டு கெண்டைகளை விட்டார். அவை உயிரோடு சுற்றின. சந்தைவரை துடிக்கிற மீனாகக் கொண்டுபோகலாம் என்று அவருக்குச் சந்தோஷம்.

"நாளைக்கே வந்துருப்பா."

அண்ணியிடம் சொன்னபோது அவள் சாமி படத்துக்குப் பூ வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டுவதைப் பார்க்கப் போனேன். படகு ஏரியின் நடுவில் எஞ்சின் ஓடாமல் நின்றிருந்தது. ஆட்கள் இருவரும் வலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அண்ணன் சட்டங்களை விலக்கி மண்டியிட்டு, ஒரு பிளாஸ்டிக் மக்கால் அறையிலிருந்த தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு இறைத்தாலும் துளை வழியே அவ்வளவும் உள்ளே வந்தது.

"அண்ணே, ஏரியவே எறச்சு முடிச்சுட்டுத்தான் எஞ்சின் போடுவீங்களா?" என்று ஒருவன் கத்தினான். குரல் தண்ணீரின் மேல் தெளிவாகக் கரைக்கு வந்தது. அண்ணனும் சிரித்தார். கை நிற்கவில்லை.

கரைக்கு வந்ததும் தினமும் இப்படித்தான் என்று ஆட்கள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்கள். கொஞ்ச தூரம் ஓட்டுவார், காலடியில் தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவார். அண்ணனின் உள்ளங்கையில் மக்கின் கைப்பிடி பட்ட இடம் தோலுரிந்திருந்தது.

"அது அங்கதான் நிக்கும்ணா. மேல ஏறாது."

"தெரியும்டா. நீ போட்ட கணக்கு சரிதான்" என்றார். உரிந்த கையை விரித்துப் பார்த்து, "கண்ணுக்குத் தெரியுது. கைக்குத் தெரியல" என்றார்.

சட்டங்களின் மேல் தகடு அடித்து மறைத்துப் பார்த்தோம். பார்க்க முடியாமல் போனதும் அவருக்கு இன்னும் மோசமானது. தகட்டைத் தட்டித் தட்டி, சத்தத்தை வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதம் முடியுமுன் குத்தகைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். கோபப்படவில்லை. படகைத் தான் எடுத்துக்கொள்வதாகவும், ஓட்டுவதற்கு வேறு ஆள் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். நான் சொன்னதும் அண்ணன் எஞ்சினைச் சுற்றும் கைப்பிடியை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது அவர் விடியுமுன் பங்காருபேட்டைக்குப் போய் ரயில் பிடிக்கிறார். பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் காக்கிச் சட்டை. சலாம் போடுகிறாரா என்று நான் கேட்டதில்லை. போன வாரம் ரயில் நிலையத்தில் பார்த்தேன். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஏரிப் பக்கம் போனியா?"

"போனேன்."

"ஓடுதா?"

"ஓடுதுண்ணா. நல்லா ஓடுது."

தலையை ஆட்டினார். ரயில் வந்தது. கூட்டம் நெருக்கியது. ஏறி உள்ளே போனவரை ஜன்னல்களில் தேடினேன், காணவில்லை; உட்கார இடம் கிடைத்திருக்காது.