அவிழாத எள்ளுருண்டைப் பொட்டலம்

ஆவுடையப்பன் இறந்த செய்தி ஞாயிற்றுக்கிழமை காலை நமது மலையேற்றக் குழுவின் வாட்ஸப்பில் வந்தது. அதற்கு மேலே ஒருவர் பூங்கொத்தோடு காலை வணக்கம் அனுப்பியிருந்தார். கீழே ஒருவர் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். இட்லி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அவர் மகள் எழுதியிருந்தார். இமயத்திலிருந்து பலமுறை உயிரோடு இறங்கி வந்த மனிதர், மந்தாரக்குப்பத்தில் ஒரு தரைத்தள வீட்டில் போய்ச் சேர்ந்தார். அவரைக் கேட்டிருந்தால் ஏற்பாடு சரிதான் என்றிருப்பார். யாரும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதில்லை.

நெய்வேலியில் மலையேற்றக் குழு இருக்கிறது என்று வெளியூரில் சொன்னால் மரியாதைக்குச் சிரிப்பார்கள். நம்மிடம் பள்ளம் உண்டு, மலை கிடையாது. பள்ளத்திலிருந்து எடுத்த மண்ணைக் கொட்டிய மேடுதான் நம் மலை. ஆவுடையப்பன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் ஃபோர்மேன். அம்பாசமுத்திரத்துக்காரர். ஊரில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமாம். இங்கே குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் எதிர் குவார்ட்டர்ஸ் தெரிந்தது. அதனால்தான் குழுவை ஆரம்பித்தார் என்பது என் ஊகம். விடுமுறை நாள்களில் செங்கல் நிரப்பிய பையை முதுகில் மாட்டிவிட்டு எங்களைப் பழைய மண்மேட்டில் ஏற்றி இறக்குவார். மழைக்கு மறுநாள் அந்தக் களிமண் பனியைவிட மோசமாக வழுக்கும். அன்றைக்குத்தான் அவர் மிகவும் சந்தோஷமாக இருப்பார்.

வேல்முருகன் குழுவுக்கு வந்தது அந்த மேட்டில்தான். கம்மாபுரத்துப் பக்கத்துக் கிராமம். குடும்பத்து நிலம் சுரங்கத்துக்குப் போய், அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக ஆவுடையப்பனின் பிரிவிலேயே வேலை பார்த்தார். மற்றவர்களுக்கும் அவருக்கும் பெல்ட் ஒன்று, தூசி ஒன்று, சம்பளம் மட்டும் வேறு. முதல் நாள் உச்சியில் நின்று மூச்சு வாங்காமல் சொன்னார்: “எங்க கடலக்கொல்லய வெட்டி இங்க கொட்டிட்டு, அதுல என்னையே ஏறச் சொல்றீங்களே சார்.” ஆவுடையப்பன் நிதானமாக யோசித்து, “அப்ப உனக்குப் பாத தெரியும். முன்னால போ” என்றார்.

குழுவில் இருந்த அனைவருக்கும் அவருடைய பொட்டலங்கள் நினைவிருக்கும். புது ஆட்களுக்காகச் சொல்கிறேன். மலைக்குப் போகும்போது நாங்கள் ஆளுக்கொரு பளபளப்பான உறையில் வெளிநாட்டுச் சத்துணவு வாங்கி வைத்துக்கொள்வோம். அவர் பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் கருப்பட்டி போட்ட எள்ளுருண்டை வைத்து, நூலால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கொண்டுவருவார். உயரத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளுக்கு ஒன்று. கையுறையைக் கழற்றி, தானே அவிழ்த்து, அவர் பார்க்கச் சாப்பிட வேண்டும். அவிழ்க்க முடியாதவர் அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். குழுவில் ஒருவர் இறங்கினால் கயிற்றில் இருக்கிற எல்லோரும் இறங்க வேண்டும். “இது திங்கதுக்கு இல்ல வே. அவுக்க முடியுதான்னு பாக்கதுக்கு” என்பார். உயரத்தில் மூளைக்குக் காற்று குறைந்தால் முதலில் விரல்கள் குழம்பும், கடைசியாகத்தான் மனிதன் அதை ஒப்புக்கொள்வான் என்பது அவர் கணக்கு.

ஒருமுறை எங்களோடு வந்த பெரிய அதிகாரி ஒருவருக்கு முடிச்சு அவிழவில்லை. அவர் தன் பதவியின் முழுப் பெயரையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ஆவுடையப்பன் பணிவாகக் கேட்டுக்கொண்டு, “இந்த உயரத்துல எல்லாருமே கேஷுவல் லேபர்தான் சார், எறங்குங்க” என்றார். இறங்கினோம். அந்த அதிகாரி பிறகு எங்களுக்குப் புதுக் கூடாரம் வாங்க ஒப்புதல் தரவில்லை. உயிரோடிருந்ததால்தானே மறுக்க முடிந்தது என்று ஆவுடையப்பன் விளக்கம் சொன்னார்.

இனி, அவர் பெயர் கெட்ட அந்தப் பயணம்.

இமாச்சலத்தில் ஒரு சிகரம். கிளம்புவதற்கு முன்பே அதன் உச்சியில் இடப் பற்றாக்குறை வந்துவிட்டது. ஊரில் இருந்த இரண்டு பெரிய தொழிற்சங்கங்களும் தத்தம் கொடி அங்கே பறக்க வேண்டும் என்றன. எது வலப்பக்கம், எது இடப்பக்கம் என்று கேன்டீனில் பேச்சுவார்த்தை நடந்தது. முடிவில், ஒரு சங்கத்தின் கிளைச் செயலாளரான பொன்னுசாமியே எங்களோடு வருவதென்றும், இரண்டு கொடிகளையும் அவரே நடுநிலையோடு சுமப்பதென்றும் ஒப்பந்தமானது. ஈரோட்டுக்காரர், திடகாத்திரமானவர். மலையைவிடக் கொடியில் கவனம் அதிகம் என்றாலும், கெட்டவர் அல்ல. ஆவுடையப்பன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “மலைக்கு நாம வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அங்க நிக்கும்போது நமக்காவது தெரிஞ்சாச் சரி” என்று மட்டும் சொன்னார்.

அந்த உச்சியில் நிஜமாகவே காரியம் இருந்தது வேல்முருகனுக்குத்தான். அந்த வருஷம் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை பர்மனன்ட் ஆக்குவது பற்றிப் பேச்சு அடிபட்டது. பொன்னுசாமி அவரைத் தோளில் தட்டி, “கொடியோட உச்சியில நின்ன போட்டோ வரட்டும் கண்ணு. அதைய வெச்சு உம்பேர நான் மொதல்ல பேசறேன்” என்றார். வேல்முருகனின் மனைவி அப்போது மாசமாக இருந்தார். ஒரு புகைப்படம் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதை நம்புவதற்கு எங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை.

கடைசி முகாமிலிருந்து கிளம்பியபோது வானம் தெளிவாக இருந்தது. விடிந்து வெயில் ஏறும்போது காற்றும் ஏறியது. ஒரே கயிற்றில் ஐந்து பேர்: உள்ளூர் வழிகாட்டி, ஆவுடையப்பன், வேல்முருகன், நான், பொன்னுசாமி. இரு பக்கமும் சரிந்து இறங்கும் பனி முகடு. பேச்சு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. முன்னால் போன வேல்முருகன் இரண்டு தடவை காலை இழுத்து வைத்ததைப் பார்த்தேன். அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். உச்சியில் யாரோ கட்டிவிட்டுப் போன வண்ணத் துணிகள் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்குமளவுக்கு நெருங்கியதும் ஒரு பாறை மறைவில் ஆவுடையப்பன் கையைத் தூக்கினார். நிறுத்தம்.

ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார். எனக்கு வெகுநேரம் பிடித்தது. விரல்கள் வேறு யாருடையவோ போல நடந்துகொண்டன. அவிழ்த்துவிட்டேன். பொன்னுசாமி எனக்கு முன்பே அவிழ்த்து வாய்நிறைய மென்றுகொண்டு, பையிலிருந்து கொடிக்கம்பை உருவத் தொடங்கியிருந்தார். வேல்முருகன் காற்றுக்கு முதுகு காட்டி, எங்களுக்கும் முதுகு காட்டிக் குனிந்திருந்தார். சற்று நேரத்தில் திரும்பினார். கைகள் குளிர்ச்சட்டைப் பைகளுக்குள் இருந்தன.

அப்போது ஆவுடையப்பன் உள்ளங்கையை எங்கள் முன்னால் நீட்டினார். அதில் பொட்டலம் கட்டியபடியே இருந்தது.

“எனக்கு அவுக்க முடியல” என்றார். “எறங்குவோம்.”

பொன்னுசாமி மெல்லுவதை நிறுத்தினார். உச்சியைக் காட்டினார். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலத்தான் இருந்தது. வேண்டுமானால் ஆவுடையப்பன் இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், நாங்கள் போய்விட்டு வந்துவிடுகிறோம் என்றார். சட்டம் போட்டது யார் என்று ஆவுடையப்பன் கேட்டார். சட்டத்தை ஓட்டுக்கு விடலாம் என்றார் பொன்னுசாமி. தொழிற்சங்கத்துக்காரர், வேறென்ன சொல்வார்?

“சார்” என்றார் வேல்முருகன். குரல் கெஞ்சியது. “குடுங்க சார், நான் அவுத்துத் தரேன். ரெண்டு நிமிசம் சார்.”

ஆவுடையப்பன் பொட்டலத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். “இந்தா. அவு.”

வேல்முருகனின் கைகள் பையிலிருந்து வெளியே வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோபத்தில் மறுக்கிறார் என்று நினைத்தேன். வழிகாட்டிக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. அவர் வேல்முருகனை ஒரு கணம் பார்த்துவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் கயிற்றை இறங்குவதற்குத் தோதாக மாற்றிப் போடத் தொடங்கினார்.

இறங்கும் வரிசையில் வழிகாட்டி முன்னால், பிறகு பொன்னுசாமி, நான், வேல்முருகன். எல்லோருக்கும் மேலே, கடைசியில் ஆவுடையப்பன். உடம்புக்கு முடியாதவர் கடைசியில் வருவது வழக்கமில்லை. யார் தவறினாலும் தாங்கிப் பிடிக்க வேண்டிய இடம் அது. எனக்கு அது உறைக்கவில்லை. அந்த நேரத்தில் அடுத்த அடியைத் தவிர எதுவும் உறைக்கவில்லை.

சரிவின் நடுவில் வேல்முருகனின் கால் நழுவியது. கத்தவில்லை. என் பக்கவாட்டில் அவர் உருவம் கீழே போவதைத்தான் பார்த்தேன். என் இடுப்புக் கயிறு இறுகி என்னையும் சாய்த்தது. அடுத்து நான்தான், பிறகு பொன்னுசாமி என்று ஒரு கணம் தெளிவாகத் தெரிந்தது. பிறகு கயிறு நின்றது. திரும்பிப் பார்த்தால், ஆவுடையப்பன் பனிக்கோடரியை அடித்து இறக்கி, அதன்மேல் முழு உடம்பையும் போட்டுப் படுத்திருந்தார். ஒரு கை கோடரியில், ஒரு கை கயிற்றில். “எந்திரி ல” என்றார். “மெதுவா.” வேல்முருகன் மறுநாள் அடிவாரம் வரும்வரை இருமிக்கொண்டே இருந்தார். ஏமாற்றமும் குளிரும் என்று எடுத்துக்கொண்டோம்.

ஊர் திரும்பியதும் குழுவின் செயலாளர் என்ற முறையில் அறிக்கை எழுதினேன். “தலைவரின் உடல்நிலை காரணமாக” உச்சிக்குச் சற்று முன்னால் திரும்ப நேர்ந்தது என்று எழுதி அவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். சிகரத்தின் உயரத்தை மட்டும் திருத்தினார்.

கேன்டீனில் அவருக்கு ‘முடிச்சு ஆவுடை’ என்று பெயர் வந்தது. வயதாகிவிட்டது, அடுத்தவன் பிழைப்பில் மண் போட்டுவிட்டார் என்றார்கள். அடுத்த பொதுக்குழுவில் வேறு தலைவர் வந்தார். ஆவுடையப்பன் கைதட்டி வரவேற்றார். புதிய தலைமையில் குழு வேறொரு சிகரத்துக்குப் போனது. கொடிகள் பறந்த படம் கேன்டீன் சுவரில் இன்னும் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் வேல்முருகன் இல்லை. பர்மனன்ட் ஆக்குவதற்கான இறுதிப் பட்டியலிலும் அவர் இல்லை. அவர் இன்றும் கான்ட்ராக்ட்தான்.

அதற்குப் பிறகு அவர் ஆவுடையப்பனோடு பேசவில்லை. ஒரே பிரிவு, ஒரே ஷிப்ட். கேட்டில் எதிர்ப்பட்டால் ஆவுடையப்பன், “நல்லாருக்கியா ல” என்பார். வேல்முருகன் பதில் சொல்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். ஓய்வு பெறும் நாள்வரை ஆவுடையப்பன் கேட்டுக்கொண்டே இருந்தார்.

தகனத்துக்கு வேல்முருகன் வந்தார். ஷிப்ட் முடிந்து நேராக, பூட்ஸோடு. ஹெல்மெட்டை யாரிடமோ கொடுத்துவிட்டுத் தோள் கொடுத்தார். எல்லாம் முடிந்து டீக்கடையில் நின்றோம். பொன்னுசாமி பெருமூச்சு விட்டு, நல்ல மனுஷன், அன்னிக்கு மட்டும் அந்தக் கை ஒத்துழைத்திருந்தால் என்று ஆரம்பித்தார்.

வேல்முருகன் டம்ளரை வைத்தார்.

“அவரு கட்டுன முடிச்சுங்க அது. அவருக்கா அவுக்க வராது? எனக்குதான் வரல. பல்லால கடிச்சிப் பாத்தேன், ஆவல. ஜோபில போட்டுக்கினேன். அவரு பாத்துட்டாரு.”

ஏன் அன்றே சொல்லவில்லை என்று பொன்னுசாமி கேட்டார்.

“சொன்னா என்னா ஆவும்? கான்ட்ராக்ட்காரனாலதான் கெட்டுப்போச்சும்பீங்க. பட்டியல்ல கடைசில இருக்கற பேரும் போயிருக்கும். அவரு பர்மனன்ட். கிண்டல்தான பண்ண முடியும் அவர.”

அவர் பார்த்துவிட்டார் என்று உனக்கு எப்போது தெரியும் என்று நான் கேட்டேன். சரிவில் கயிறு நின்றபோதே தெரியும் என்றார். அப்படியானால் இத்தனை வருஷம் ஏன் அவரோடு பேசவில்லை?

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “யாரு மேலயாவது கோவமா இருக்கணுமில்ல சார். எம்மேலயே எத்தினி நாளைக்கு இருக்கறது? அதுக்கும் அவரே நின்னுகினாரு. நானும் உட்டுட்டேன்.”

பிறகு என்னிடம் திரும்பினார். “நீங்க அவரப் பத்தி எழுதுவீங்க. இத எழுதுங்க. பேரு போட்டே எழுதுங்க.”

பொன்னுசாமி அவசரமாகத் தடுத்தார். மறுபடியும் பட்டியல் பேச்சு நடக்கிறதென்றும், இந்தத் தடவை பெயர் வரும்போலிருக்கிறதென்றும், வேண்டாத இடத்தில் வேண்டாதவர் கண்ணில் இது பட்டால் நன்றாயிருக்காதென்றும் தணிந்த குரலில் சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார்.

“தெரியும்ணே” என்றார் வேல்முருகன். “எழுதுங்க சார்.”

எழுதிவிட்டேன். குழுவின் அலமாரியிலிருந்த அறிக்கையையும் எடுத்து, “தலைவரின் உடல்நிலை காரணமாக” என்பதை அடித்துவிட்டு, வேல்முருகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதை எழுதினேன். அவர் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டார். ஆவுடையப்பனிடமிருந்து நான் நினைவில் வைத்துக்கொள்வது, தன்னால் முடியாது என்று சொல்லி எங்கள் முன் நீண்ட அந்தக் கை. அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். அறிக்கையிலிருந்து அதை எடுத்தாயிற்று. சிகரத்தின் உயரம் அவர் திருத்தியபடியே இருக்கிறது.