மைனர் வண்டியும் புதுச்சத்திரத்து நரியும்

காலை 5.10, பாண்டிச்சேரி. கிளம்புவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் மூன்று உத்தரவு போட்டார். நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டக் கூடாது. ஹாரனைத் தொடக் கூடாது. முதல் இரண்டும் எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும். மூன்றாவது அவருடைய சொந்தச் சட்டம். ஹாரன் அடிக்கிறவனுக்கு ஓட்டத் தெரியாது என்று முப்பது வருஷமாக எங்கள் தெருவுக்கே பாடம் எடுக்கிறவர் அவர். பால்காரர்கூட எங்கள் வாசலைத் தாண்டிப் போய்த்தான் மணி அடிப்பார்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1961-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மைனர் கார். முன்பாதி நீங்கள் எங்காவது பார்த்திருக்கக்கூடிய உருண்டை முகம்தான். பின்பாதிதான் விசேஷம். வெளியே தெரிகிற மாதிரி மரச்சட்டம், நடுவே தகடும் கண்ணாடியும், பின்பக்கம் பீரோ போல இரண்டு கதவு. இப்படி மரம் வைத்த வண்டி இன்னொன்று நம் பக்கத்தில் ஓடி நான் பார்த்ததில்லை. நின்றே கிடந்தால் வீணாகிவிடும் என்று வருஷத்துக்கு ஒரு தடவை சிதம்பரம் வரைக்கும் ஒரு நீள ஓட்டம் விடுவோம். போக எழுபது, வர எழுபது கிலோமீட்டர்.

இந்த வருஷம் ஓட்டுவது நான், அவர் பக்கத்துச் சீட்டில். அவருக்கு இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் வித்யா அவரிடம் வாக்கு வாங்கியிருந்தாள். அப்பா ஸ்டியரிங்கைத் தொட்டால் அன்றைக்கே வண்டியை விற்றுவிட வேண்டும். கோயம்புத்தூரில் பழைய கார்கள் சேர்க்கிற ஒருவர் மாதம் ஒருமுறை போன் பண்ணி நலம் விசாரிக்கிறார், எங்கள் நலத்தை அல்ல. அதனால் சாவி என் கைக்கு வந்தது. நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு, அவர் ஆறடி. துருப்பிடித்த சீட்டை இரண்டு பேர் தட்டித் தட்டி முன்னால் தள்ளி வைத்தார்கள். முதுகுக்கு ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு திண்டு. கடை கடையாக ஏறி, அழுத்திப் பார்த்து அவரே வாங்கி வந்தது.

6.00, கடலூர். 6.10, முதுநகர். சிப்காட் தாண்டும்போது ரசாயன ஆலை நாற்றத்துக்கு வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றிவிட்டோம். பெரிய சாலையில் லாரிகள் நெருக்கும் என்று பழைய ரோட்டைப் பிடித்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் தை மாதத்துப் பனி இறங்கி, வலதும் இடதும் ஒன்றும் தெரியவில்லை.

6.40, புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம், கல்வெட்டு என்பார்கள். இடது பக்கத்துக் கருவேலம்புதரிலிருந்து ஒரு நரி ரோட்டுக்கு வந்து நின்றது. ஓடியிருந்தால் தப்பித்திருக்கும். அது நின்று என்னைப் பார்த்தது. கை தன்னால் ஹாரன் பக்கம் போனது, உத்தரவு ஞாபகம் வந்து திரும்பியது. அந்த ஒரு நொடிதான். பிரேக்கை மிதித்து வலது பக்கம் ஒடித்தேன். முன்பக்கம் தட் என்று ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய் ‘சிதம்பரம் 22’ என்ற மைல்கல்லில் மோதியது. மரம் பிளக்கிற சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இனி மறக்கவும் போவதில்லை.

இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். அழுகிற பொம்பளையை விட்டுவிட்டு நேராக என் வீட்டுக்காரரிடம் போனார்கள்.

"நீங்களா அய்யா ஓட்டுனீங்க?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமாம், நான்தான்."

"கை இந்த நடுங்கு நடுங்குதே, எதுக்கு அய்யா வண்டிய தொடுறீங்க? அந்தம்மா மூஞ்சியப் பாருங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அதிர்ச்சி என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்.

டீக்கடைக்காரர் வனத்துறைக்குப் போன் செய்தார். வந்த காவலர் புதரையும் இறால் குட்டைக் கரையையும் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்தார். நரி இல்லை. "அடிபட்டு ஓடியிருக்கும். உசுரு கெட்டி அதுக்கு. நரி மூஞ்சில முழிச்சிருக்கீங்க, நல்லது நடக்கும்" என்றார். நான் அந்த மனுஷரை முறைத்தேன்.

9.45, மறுபடியும் முதுநகர். லாரியில் ஏற்றி வர மூவாயிரத்து ஐந்நூறு. உப்பனாற்றங்கரையில் ஜமால் பாய் பட்டறை. விசைப்படகு இன்ஜினும் பழைய கார்களும் பார்க்கிறவர், ஐம்பது வயது இருக்கும். பக்கத்திலேயே படகு கட்டும் இடம். வண்டியைக் கண்டதும் அவர் பின்பக்கம்தான் போனார். பிளந்த சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "இது தச்சர் வேலைம்மா. ஏழுமலை அண்ணனுக்குச் சொல்லிவுட்டுடுறேன். படகு விலாவ வளைக்கிற கையி அது, இத வளைக்காதா?"

பட்டறையிலிருந்தே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனில் சொன்னோம், ஓட்டினது தான்தான் என்று அங்கேயும் அவர் சொன்னார். இந்த மாதிரி வண்டிக்கு முன்கூட்டியே ஒரு மதிப்புப் பேசி எழுதியிருப்பார்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் மறுநாள் காலை பதினொரு மணிக்கு வருவார், அதுவரை வண்டியில் கை வைக்காதீர்கள் என்றார்கள்.

கை வைக்கக் கூடாது என்றால் ரிப்பேர் செய்யக் கூடாது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். பம்பரில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தது. ரத்தம் பட்ட வண்டியை அப்படியே நிறுத்தி வைப்பார்களா? எங்கள் வீட்டில் வைக்க மாட்டோம். கடைக்குப் போய் மஞ்சள், எலுமிச்சை, ஒரு பூசணிக்காய் வாங்கி வந்தேன். ஜமால் பாய் மரியாதையாகத் தண்ணீர்க் குழாயைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார், போட்டோ எல்லாம் எடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டு. மஞ்சள் தண்ணீரால் பம்பரைப் பளிச்சென்று கழுவினேன். அந்த நரிக்காகவும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தபோது மனசு கொஞ்சம் லேசானது.

மதியம் 1.20, சிதம்பரம் பஸ். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். அங்கே அறை போட்டிருந்தோம், அதை எதற்கு விடுவானேன் என்று கிளம்பினோம். வண்டி மோதியதை வித்யாவுக்கு மெசேஜில் சொல்லியிருந்தோம், பாதி வழியில் அவள் கூப்பிட்டாள். அவர் போனைக் காதில் வைத்திருக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, யார் ஓட்டினது?"

"நான்தான்மா."

"வாக்கு ஞாபகம் இருக்காப்பா?"

"இருக்கு. ரிப்பேர் முடியட்டும். வித்துடலாம்."

நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் அந்த மைல்கல்லைத் தாண்டியது. வெள்ளையடித்த கல்லில் எங்கள் வண்டியின் பச்சைப் பெயின்ட் ஒரு கோடாக இருந்தது. அவர் கை மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லத் தைரியமில்லாதவளுக்குக் கையைப் பிடிக்க மட்டும் தைரியம் வந்தது.

சாயங்காலம் கீழவீதியில் நடந்தோம். இட்லிக்கு இந்த ஊர்க் கத்தரிக்காய் கொத்சு வாங்கிக் கொடுத்தார். வழக்கமாக இரண்டாவது தடவை கேட்கிறவள் ஒரு இட்லியோடு எழுந்துவிட்டேன். "சாப்பிடு சுபா, வண்டிதானே" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த வண்டியை ‘தானே’ போட்டு அவர் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் காலை 11.15, முதுநகர். சர்வேயர் முப்பத்தைந்து வயதுக்காரர், பணிவானவர், கண் கூர்மை. வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"மேடம், நரி குறுக்க வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு முடிகூட இல்லையே? வண்டி மஞ்சள் வாசனை அடிக்குது."

பூசணிக்காய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "எங்க அம்மாவும் இதத்தான் செஞ்சிருப்பாங்க. ஆனா நான் என்னன்னு எழுதுறது?" பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது. "சார், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கையோட வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரா? அப்படின்னா கம்பெனி பணம் குடுக்கிறது கஷ்டம். ஓட்டினவர் கையெழுத்து இங்க போடணும்."

அவர் பேனாவை வாங்கினார். காகிதத்தில் முனை படவே இல்லை, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பட்டறையில் எல்லாரும் அந்தப் பேனாவையே பார்த்தார்கள்.

"ஓட்டினது நான்" என்றேன். "அவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். நேத்திலேருந்து எல்லார் ஏச்சையும் எனக்காக வாங்கிக்கிட்டிருக்கார்."

சர்வேயர் நம்பவில்லை, அதில் தப்பும் இல்லை. நேற்று முழுக்க ஒரு பேச்சு, பணம் வராது என்றதும் இன்னொரு பேச்சு. "மேடம், சாருக்காக நீங்க…" என்று இழுத்தார்.

ஜமால் பாய் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "சார், ஒரு நிமிசம். நேத்து வண்டிய உள்ளார தள்ளறப்ப நான்தான் ஸ்டியரிங் புடிச்சேன். ஒக்காந்ததுமே முட்டி டேஷ்போர்டுல இடிச்சுது. சீட்டு முன்னாடி வந்து துருவுல சிக்கி நிக்கிது, நகர மாட்டேங்குது. முதுவுக்கு ஒண்ணு, கீழ ஒண்ணு திண்டு வேற. அய்யா ஒக்காந்து காட்டட்டும், பாருங்க."

அவர் உட்காரப் போனார். ஒரு கால்தான் உள்ளே போனது.

"பாய், நேத்தே தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"தெரியும்மா. ஒரு மனுசன் பொண்டாட்டிக்காக ஒரு பேச்சு சொல்றாரு. அத நான் எப்படி ஒடைக்கிறது? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்து நரி பட்டு உடைந்திருந்த முன்பக்க இடது விளக்கின் வளையத்தைக் கழற்றினார். உள்ளே, என் மஞ்சள் தண்ணீர் போகாத இடத்தில், செம்பழுப்பும் சாம்பலுமாக ஒரு கொத்து முடி. சர்வேயர் அதை ஒரு கவரில் போட்டார், சீட்டைப் படம் எடுத்தார், காகிதத்தை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்தும் அன்றைக்கு ஒன்றும் நேராக வரவில்லை.

வெளியே ஆற்றைப் பார்த்து நின்றபோது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"எல்லாரும் சேர்ந்து உன்னைத் திட்டியிருந்தா நீ மறுபடி ஓட்டவே மாட்ட. என் கைக்குத்தான் ஏற்கெனவே பேர் கெட்டுப்போச்சு. இன்னொண்ணு சேர்ந்தா என்ன?"

அங்கேயே வித்யாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் அழுதாள், பிறகு கத்தினாள், கடைசியில், "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். கோயம்புத்தூர்க்காரரின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பணம் சரியாக வந்தது. அந்த இங்கிலாந்து மரம் இங்கே கிடைக்காது. ஏழுமலை பூவரசை வளைத்துச் சட்டம் செய்தார். கிட்ட நின்று பார்த்தால்தான் நிறம் ஒரு சாயல் மாறித் தெரியும். அது அப்படியே இருக்கட்டும், மெருகு போட்டு மறைக்க வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை 6.20. முதுநகரில் வண்டியை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து சிதம்பரம் கிளம்பினோம். பட்டறை வாசலில் ஜமால் பாய் குனிந்து சொன்னார்: "அந்தக் கல்வெட்டாண்ட இப்ப ஒரு நரி நொண்டிக்கிட்டுத் திரியுதாம்மா. எறால் குட்டைக்காரன் சொன்னான். பாத்துப் போங்க." அது எங்கள் நரிதானா என்று யார் கண்டது. இருக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன்.

புதுச்சத்திரம் நெருங்க நெருங்க என் கால் தன்னால் தளர்ந்தது. முள் நாற்பதிலிருந்து முப்பது, இருபது என்று இறங்கியது. அன்றைக்கும் பனி. கருவேலம்புதர் தெரிந்தது. நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன்.

அப்போது இடது பக்கத்திலிருந்து அவர் கை நீண்டு வந்தது. என் கைகளுக்கு நடுவே போய் ஹாரன் மேல் உட்கார்ந்தது. ஒரே அழுத்தாக அழுத்த அந்தக் கையால் முடியாது. அது பாட்டுக்கு நடுங்க, ஹாரன் விட்டு விட்டுக் கத்தியது. பீ, பீ, பீ, பீ. புதரிலிருந்து கொக்குகள் எழுந்தன. டீக்கடையில் அத்தனை தலையும் திரும்பியது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"கையை எடுங்க, ஊரே பார்க்குது" என்றேன்.

"கல்வெட்டு தாண்டட்டும்" என்றார்.

தாண்டினோம். சிதம்பரம் 22, 21, 20 என்று கற்கள் வந்தன. அவர் கையை எடுக்கவில்லை.